வௌவால் உள்ளே வந்துவிட்டால்

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அறைக்குள் சிக்கிய வௌவால் வழி தேடிக் குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கும்; நம் வீடுகளில் அந்தப் பாதையின் நட்டநடுவே தொங்குவது ஃபேன். யாரும் கை ஓங்காமலேயே ஓடும் ஃபேனில் அடிபட்டு இறக்கை முறிந்து விழும் வௌவால்கள் உண்டு. அந்த இறக்கையின் எலும்புகள் நம் கைவிரல் எலும்புகளே நீண்டு மெலிந்தவை போன்ற அமைப்பு. ஒருமுறை முறிந்துவிட்டால் கால்நடை மருத்துவர் கைவைத்தாலும் பழையபடி பறப்பது அரிது. ஸ்விட்சை அணைத்த பின்னும் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றும் என்பதால் இதில் தாமதம் கூடாது. டேபிள் ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேன் ஆகியவற்றையும் சேர்த்தே நிறுத்துங்கள். சமையலறைப் பக்கம் போயிருந்தால் அடுப்பை அணைத்து, கொதிக்கும் பாத்திரத்தை மூடிவிடுங்கள்.

இரண்டாவது வேலை, உள்கதவுகளைச் சாத்துவது. வௌவால் எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறையோடு அது நிற்கட்டும். ஹாலிலிருந்து படுக்கையறை, அங்கிருந்து பரண், பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளின் இடுக்கு என்று போய்விட்டால் இரவு முழுவதும் தேட வேண்டியிருக்கும். குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதைக் கட்டாயம் அப்புறப்படுத்துங்கள். தாழப் பறக்கும் வௌவாலைப் பூனை எம்பிப் பிடித்துவிடும். பூனையின் பல் பட்ட வௌவால் தப்பித்தாலும் காயத்தில் சீழ் பிடித்துச் சாகும்.

மூன்றாவது, வெளியே போகும் வழி. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சன்னலின் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார்கள். அதற்கு வெளியே கொசுவலை அடித்திருப்பது நினைவுக்கு வராது. வௌவாலுக்கு அந்த வலை ஒரு சுவர். கழற்றக்கூடிய வலையானால் கழற்றுங்கள், ஓரத்தில் ஒட்டும் பட்டை வைத்துத் தைத்ததானால் பிரித்து ஒதுக்குங்கள். அதற்கும் வழியில்லாத வீட்டில் வாசற்கதவையோ பால்கனிக் கதவையோ விரியத் திறந்துவைப்பதே மேல். கிரில் கம்பிகளுக்கிடையே சிறு வௌவால் இறக்கையை ஒடுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் அரை மீட்டருக்கு இறக்கை விரிக்கும் பழந்தின்னி வௌவாலுக்குத் திறந்த கதவுதான் வசதி. தொங்கும் திரைச்சீலைகளை ஓரமாக ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். களைத்த வௌவால் பற்றிக்கொள்ளத் தேடும் முதல் இடம் அதுதான்.

பிறகு விளக்குகளை அணையுங்கள். டிவியையும்தான். வாசல் விளக்கு எரிந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். வௌவாலுக்குக் கண் தெரியாது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம், அது தவறு. எல்லா வௌவாலுக்கும் பார்வை உண்டு. பழந்தின்னிகளுக்கு இருட்டில் நம்மைவிட நன்றாகவே தெரியும். உள்ளே இருட்டாகி, திறந்த கதவுக்கு அப்பால் வானத்தின் மங்கிய வெளிச்சம் தெரிந்தால் அது தானாக அந்தப் பக்கம் திரும்பும். உங்களுக்கு வெளிச்சம் தேவையென்றால் செல்போன் டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடியுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால் சுவரை ஒட்டி, சற்றுக் குனிந்தபடி அசையாமல் நிற்கட்டும். அறைக்குள் பறக்கும் வௌவால் சுவரை நெருங்கும்போது மேலெழும்பித் திரும்பும். நடுவில்தான் தாழ்ந்து வரும். நடுவில் நிற்பவருக்கு அது தன் முகத்தை நோக்கிப் பாய்வதாகத் தோன்றும். பாய்வதில்லை, பறப்பதற்கான வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளத் தாழ்கிறது. தலைமுடியில் வந்து சிக்கும் என்ற பயமும் வேண்டாம். காற்றில் பறக்கும் சிறு பூச்சியை இருட்டில் குறி தவறாமல் பிடிக்கும் உயிருக்கு மனிதத் தலையை விலகிப் போகத் தெரியும்.

விளக்குமாறு, துண்டு, கொசு பேட், கிரிக்கெட் மட்டை எதையும் எடுக்காதீர்கள். வீசப்படும் ஒவ்வொரு பொருளும் அதன் வெளியேறும் வழியை அடைக்கிறது. கூச்சலும் அப்படித்தான். பெரும்பாலும் பத்து இருபது நிமிடத்தில் வௌவால் போய்விடும். ஒரு மணி நேரம் ஆனாலும் பதற்றம் வேண்டாம். எங்காவது தொங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

வந்திருப்பது யார்?

காத்திருக்கும் நேரத்தில் யோசிக்க வேண்டியது இது. ஏன் வந்தது என்று தெரிந்தால் அடுத்த முறை வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

வௌவால்களை இனம் பிரிப்பது வல்லுநருக்கே கடினமான வேலை. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், ஊரெங்கும் காணப்படும் சாதாரண இனம் என்ற பெயரோடு அருங்காட்சியகச் சேகரிப்பில் கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை ஆராய்ந்து, உலகில் வேறெங்கும் அறியப்படாத பேரினம் என்று 1972இல் அறிவித்தார். அதுதான் சாலிம் அலி பழந்தின்னி வௌவால். ஆகவே உங்கள் ஹாலில் சுற்றுவதன் பெயரைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். பழம் தின்பதா, பூச்சி தின்பதா, அதுவே போதும்.

பெரிய கண், நாய்க்குட்டியை நினைவூட்டும் நீண்ட முகம், எளிய சிறு காது இருந்தால் பழந்தின்னி. நகரத்து வீடுகளுக்குள் அதிகம் வருவது குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். எடை 50 கிராம் அளவில் இருக்கும். நெட்டிலிங்க மரத்திலும் பனையிலும் ஓலை, தண்டுகளைக் கடித்து மடக்கிக் கூடாரம் போலச் செய்துகொண்டு அதனுள் பகலில் தங்கும். கொய்யா, சப்போட்டா, வாழை, நாட்டு வாதுமை எல்லாம் அதற்கு உணவு. சமையலறையில் தொங்கும் வாழைத்தாரின் வாசனை பிடித்துச் சன்னல் வழியாக வருவது இதுதான். இது எதிரொலியை நம்பிப் பறப்பதில்லை. கண்ணையும் மூக்கையும் நம்புகிறது. அதனால்தான் விளக்கை அணைத்து வெளிவானத்தைக் காட்டுவது இதற்கு மிக முக்கியம்.

உள்ளங்கைக்குள் அடங்கும் உடல், மிளகளவு கண், படபடக்கும் பறப்பு என்றால் பூச்சி வௌவால். ஓட்டு வீட்டின் இடுக்கு, பெயர்ப்பலகையின் பின்புறம், சன்னல் மேல் கட்டையின் விரிசல் என்று நாம் கவனிக்காத இடங்களில் பகலில் ஒண்டியிருக்கும். நம் ஊர்களில் இருக்கும் மிகச் சிறிய இனங்களின் எடை நான்கு கிராமுக்கும் கீழே. டியூப்லைட்டைச் சுற்றும் பூச்சியைத் துரத்தியபடி உள்ளே வந்துவிடும். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும் நாளில் இது சகஜம். இப்போதுதான் பறக்கக் கற்ற இளசுகளும் வழி தவறி வருவதுண்டு.

இன்னொரு விருந்தாளியும் இருக்கிறது: நெற்றியில் இணைந்த பெரிய காதுகளும் வாலில்லாத உடலும் கொண்ட போலி இரத்தக்காட்டேரி வௌவால். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரத்தம் குடிக்கும் வௌவால்கள் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை மட்டுமே உண்டு. இது பல்லி, தவளை, பெரிய வண்டு, சிறு எலி ஆகியவற்றை வேட்டையாடும். பேராசிரியர் ஜி. மாரிமுத்து உள்ளிட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் வேட்டையை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். இரை அசையும்போது எழும் சலசலப்பைக் கேட்டே இது பாய்கிறது. சுவரில் பல்லிகள் நிறைந்த பழைய வீட்டின் தாழ்வாரத்துக்கு இது இரவுதோறும் வரலாம். காலையில் தரையில் பல்லி வாலும் தவளைக் காலும் கிடந்தால் இதன் வேலை என்று அறியுங்கள்.

எங்காவது தொங்கிவிட்டால்

பறந்து களைத்த வௌவால் திரைச்சீலையிலோ அலமாரிக்குப் பின்னாலோ தொங்கிவிடும். நேரம் இரவானால் கதவைத் திறந்தபடி அப்படியே விடுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு போய்விடும். பகலில் கண்டுபிடித்தால் விரட்டவே கூடாது. பட்டப்பகலில் வெளியே தள்ளப்பட்ட வௌவாலைக் காகங்கள் சூழ்ந்து கொத்திவிடும். வல்லூறுக்கும் அது எளிய இரை. அறைக்கதவைச் சாத்தி, சன்னல் திரையை இழுத்துவிட்டு, இருட்டும்வரை பொறுங்கள். பொழுது சாய்ந்ததும் சன்னலைத் திறந்தால் போதும்.

வௌவாலுக்கு அந்த நேரம் தெரியும். மதுரைக்கு அருகே கீழக்குயில்குடி சமணர் மலைக் குகையில் ஆய்வாளர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் ஓர் அழகான சோதனை செய்தார்கள். வெளிச்சமே புகாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்துக் கவனித்தபோது, சுற்றிலும் சுதந்திரமாக வாழ்ந்த மற்ற வௌவால்கள் மாலையில் வெளியேறித் திரும்பும் ஒழுங்கோடு கூண்டு வௌவாலின் உடல் கடிகாரமும் ஒத்துப்போனது. 1981இல் அந்த ஆய்வு வெளியானது. சூரியனைப் பார்க்காமலேயே மாலையை அறியும் உயிர் அது. உங்கள் திரைச்சீலையின் மடிப்புக்குள் இருப்பதற்கும் ஆறரை மணி ஆனது தெரியும்.

சில சமயம் காத்திருக்க முடியாது. கைக்குழந்தையின் அறையாக இருக்கலாம், இரண்டு இரவாகியும் அது போகாமல் இருக்கலாம். அப்போது மட்டும் பிடித்து வெளியே விடுங்கள். வெறுங்கை கூடவே கூடாது. தோட்ட வேலைக்கான தடித்த கையுறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் துண்டைப் பல மடிப்பாக மடித்துக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் சிறு வௌவாலுக்குப் பிளாஸ்டிக் டப்பாதான் சிறந்த கருவி. டப்பாவை அதன்மேல் மெல்லக் கவிழ்த்து, சுவருக்கும் விளிம்புக்கும் நடுவே காலண்டர் அட்டையை நகர்த்தி மூடினால் போதும். இறக்கை நுனி விளிம்பில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழந்தின்னியானால் துண்டை மேலே போர்த்தி, இறக்கைகள் உடலோடு ஒடுங்கிய நிலையில் தளர்வாகச் சுருட்டி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் அதன் மெல்லிய எலும்பு தாங்காது.

விடும் இடத்திலும் கவனம் தேவை. தரையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பல வௌவால்களால் சமதரையிலிருந்து எழும்ப முடியாது. உயரத்திலிருந்து விழுந்தபடிதான் பறக்கத் தொடங்கும். இருட்டிய பிறகு, தலைக்கு மேல் உயரமுள்ள சுவரிலோ மரத்தண்டின் சொரசொரப்பிலோ பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் அது தானே நகங்களால் பற்றி ஏறும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் உதவும். காற்றில் தூக்கி எறிவது மட்டும் வேண்டாம்.

குட்டியும் காயம்பட்டதும்

குட்டைமூக்குப் பழந்தின்னிக்கு ஆண்டில் இரண்டு ஈற்றுக்காலம்: பிப்ரவரி, மார்ச் ஒட்டி ஒன்று, ஜூன், ஜூலை ஒட்டி மற்றொன்று. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குட்டி. தாய் அதை மார்பில் சுமந்தபடி பறக்கும். அந்த மாதங்களில் வீட்டுக்குள் வந்த வௌவால் கனத்துத் தடுமாறிப் பறந்தால் வயிற்றோடு ஒட்டியிருக்கும் குட்டியைப் பாருங்கள். அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

தனியாகக் கிடக்கும் குட்டியைத் துணி விரித்த சிறு பெட்டியில் வைத்து, அது பற்றித் தொங்குவதற்குச் சொரசொரப்பான துணி ஒன்றைக் கட்டி, பூனையும் எறும்பும் எட்டாத உயரத்தில் மரத்தில் மாட்டுங்கள். இரவில் தாய் தேடி வரலாம். விடிந்தும் அங்கேயே இருந்தால் கால்நடை மருத்துவமனைக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். பசும்பால் புகட்டாதீர்கள். அன்பால் செய்யப்படும் இந்த ஒன்று குட்டிகளின் உயிரை எடுக்கிறது: செரிமானம் ஆகாது, மூச்சுக்குழாயிலும் இறங்கிவிடும்.

மாஞ்சா நூலில் மாட்டிய வௌவாலை நூலோடு இழுக்காமல், இரு பக்கமும் நூலை வெட்டிப் பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பழமரத்துக்குப் போட்ட வலையில் சிக்கியதற்கும் இதே முறைதான். உயரத்தில் சிக்கியிருந்தால் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். ஏணி வைத்து நீங்களே ஏற வேண்டாம்.

கடியும் நோயும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பயத்தைக் கூட்டவோ குறைக்கவோ எழுதவில்லை.

வௌவால் தேடி வந்து கடிப்பதில்லை. கையால் பிடித்தால் கடிக்கும். பூச்சி வௌவாலின் பல் அவ்வளவு நுண்ணியது என்பதால் கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். கடியோ கீறலோ பட்டால், அல்லது அதன் எச்சில் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டால், தயங்காமல் குழாய் நீரைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணானால் வெறும் நீரால் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், கடித்தது வௌவால் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

உலகில் மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய் வழியாகவே வருகிறது. இந்தியாவில் வௌவாலிடமிருந்து மனிதருக்கு அது தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனால் இலங்கையில் கண்டிக்கு அருகே கன்னொருவையில் கிடைத்த பெரிய பழந்தின்னி வௌவால்களின் உடலில் வெறிநோய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸைக் கண்டறிந்து 2016இல் அறிவித்தார்கள். நமக்கும் அவர்களுக்கும் பொதுவான இனம் அது. வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் மருந்தில்லை, முன்னால் போடும் தடுப்பூசி காப்பாற்றும். எனவே ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், பக்கத்து வீட்டார் அல்ல. வௌவால் இருந்த அறையில் குழந்தை தனியே தூங்கியிருந்தால் விளக்கு வெளிச்சத்தில் அதன் கை, கால், முகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தடம் தெரியாவிட்டாலும் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிபா பற்றிக் கேட்காதவர் இல்லை. 1998, 99இல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் முதலில் அறியப்பட்ட வைரஸ் அது. 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் பரவி உயிர்களைப் பறித்தது. அதன் பிறகும் கேரளத்தில் தலைகாட்டியிருக்கிறது. இதன் இயற்கை இருப்பிடம் பெரிய பழந்தின்னி வௌவால். 2018இல் பேராம்பிராவில் முதலில் நோய்வாய்ப்பட்ட குடும்பத்தின் கிணற்றில் வௌவால்கள் இருந்ததாகச் செய்தி பரவியபோது, ஊரெல்லாம் வௌவால் மரங்களைப் பார்த்து மிரண்டது. கிணற்றில் இருந்தவை பூச்சி வௌவால்கள், அவற்றில் வைரஸ் இல்லை என்று சோதனை சொன்னது. பிறகு அந்தப் பகுதிப் பழந்தின்னிகளில்தான் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு வௌவாலின் பழி எல்லா வௌவாலின் மீதும் விழுந்துவிடுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. வௌவால் கடித்த பழத்தைக் கடித்த பக்கம் வெட்டிவிட்டுத் தின்னாதீர்கள், முழுவதையும் எறிந்துவிடுங்கள். கீழே விழுந்த பழத்தையும் தவிருங்கள். மற்றப் பழங்களைக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள். திறந்த பானையில் இரவு முழுதும் இறங்கிய கள்ளைப் பச்சையாகக் குடிப்பதைத் தவிருங்கள். வங்கதேசத்தில் ஈச்சஞ்சாற்றில் வௌவாலின் எச்சிலும் சிறுநீரும் கலந்துதான் நோய் பலமுறை பரவியது. வௌவாலைக் கொன்றாலும் மரத்தை வெட்டினாலும் நோய் குறையாது. தங்குமிடம் இழந்த கூட்டம் புதிய இடங்களுக்குச் சிதறும், அவ்வளவுதான்.

மறுநாள் வேலை

எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். தூசியோடு பூஞ்சையும் மூக்கில் ஏறும். முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்து எடுங்கள். பரணில் சிறு கருந்துகள்களாக எச்சம் கிடந்தால் எலியா வௌவாலா என்று ஐயம் வரும். குச்சியால் அழுத்திப் பாருங்கள். பூச்சி வௌவாலின் எச்சம் பொடிப்பொடியாக உதிரும், உள்ளே பூச்சி இறகுத் துணுக்கு மின்னும். எலிப் புழுக்கை கெட்டியாக இருக்கும்.

பரணிலோ ஓட்டுக்கடியிலோ கூட்டம் தங்கியிருந்தால் துளையை உடனே சிமென்ட் பூசி அடைத்துவிடக் கூடாது. உள்ளே இருப்பவை செத்து நாறும். மாலையில் வெளியே நின்று அவை எந்த இடுக்கிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். எல்லாம் போன பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி வந்தால் பறக்க முடியாத குட்டிகள் இருக்கின்றன. இரண்டு மாதம் பொறுங்கள். குட்டிகள் இல்லையென்று உறுதியானால், வலைத் துணியை இடுக்கின் மேலும் பக்கவாட்டிலும் ஆணியடித்து, கீழ்ப்பக்கம் திறந்தபடி இரண்டடி தொங்கவிடுங்கள். உள்ளிருப்பவை வலைக்குள் ஊர்ந்து கீழே வந்து பறந்துவிடும், திரும்பி நுழைய வழி தெரியாது. ஒரு வாரம் கழித்து இடுக்கை அடையுங்கள். விரல் நுழையும் சந்து போதும் சிறு வௌவாலுக்கு. எலியைப் போலக் கடித்து வழி உண்டாக்காது என்பதால் ஒருமுறை ஒழுங்காக அடைத்தால் போதும். வென்டிலேட்டருக்குக் கம்பிவலை போடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் துளைக்கு மடிப்பு மூடி வாங்கி மாட்டுங்கள்.

போர்டிகோவில் இரவில் தொங்கிப் பழம் தின்று சக்கையைத் துப்பும் வௌவால்கள் பற்றியே அதிகப் புகார் வருகிறது. பூசிய சுவரெல்லாம் கறை, காலையில் வாதுமைக் கொட்டைகள் என்று அலுத்துக்கொள்வார்கள். குட்டைமூக்குப் பழந்தின்னி, மரத்தில் பறித்த பழத்தைப் பாதுகாப்பான கூரைக்குக் கொண்டுவந்து தின்னும் பழக்கமுடையது. உங்கள் போர்டிகோ அதற்குச் சாப்பாட்டுக்கூடம். சில இரவு அங்கே விளக்கை எரியவிடுங்கள். வழக்கமாகத் தொங்கும் இடத்தில் காற்றில் ஆடும்படி ரிப்பன் துண்டுகளைக் கட்டுங்கள். பிடிமானமாக இருக்கும் கொக்கியையும் கம்பியையும் கழற்றுங்கள். இடம் மாற்றிக்கொள்ளும். பாச்சா உருண்டையைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடுவது வேண்டாம். அந்த நெடி குழந்தைகளுக்கும் கெடுதல். வாழைத்தாரைக் கொசுவலை போட்ட அறையிலோ துணி சுற்றியோ வையுங்கள்.

கொல்வதைப் பற்றி

வௌவால் வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை. சன்னலைத் திறந்துவிட்டு, போனதும் வீட்டைக் கழுவி விளக்கேற்றட்டும். அது யாருக்கும் தீங்கில்லை. அடித்துக் கொல்வதுதான் தீங்கு. இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சுமப்பதும் ஆல், அரசு, அத்தி விதைகளை ஊருக்கு ஊர் கொண்டுபோவதும் பழந்தின்னிகள். இரவெல்லாம் அந்துப்பூச்சியையும் வண்டையும் தின்று தீர்ப்பவை பூச்சி வௌவால்கள். ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சட்டப் புத்தகம் படித்துக் காட்டவில்லை.

சட்டம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி, சுண்டெலியோடு சேர்த்து ஐந்தாம் அட்டவணையில், தீங்குயிர் என்ற தலைப்பில் வைத்திருந்தது. யாரும் கொல்லலாம் என்ற நிலை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆஸ்துமாவுக்கு நல்லதென்று வௌவால் கறி கேட்டு இன்றும் சிலர் அலைகிறார்கள். உங்கள் மரத்தில் தொங்குவதைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று யாராவது வந்து கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தக் கறி எந்த மூச்சிரைப்பையும் தீர்த்ததில்லை. பிடிப்பவருக்கும் அறுப்பவருக்கும்தான் தொற்று ஆபத்து. நோயாளியை மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.